தெருவிளக்குக்கு அரைப் பேர்

இந்த நாட்டில் மின்கம்பத்தைப் பெயர் சொல்லி இடாப்புக் கூப்பிட்ட ஒரே மனிதர் எங்கள் பெரட்டையாதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த மின்கம்பம் என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே நின்றது. உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால், கம்பத்துக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறவர் எனக்கு எழுதலாம். இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம்.

நான் கணக்கு டீச்சர். மாற்றலாகிப் பதுளைக்கு வந்தபோது மேட்டுத் தெருவில்தான் வீடு கிடைத்தது. தெரு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பிரதான வீதியிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒரு கல்படி, அது முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் சில வீடுகள், அவ்வளவுதான். ஆட்டோ ஏறாது, சைக்கிள் ஏறாது. காஸ் சிலிண்டர் ஆள் தோளில் ஏறும். படியின் அடிவாரத்தில் ஒரு முஸ்லிம் நானா பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு மேலேயும் நாடு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு தெருக்குழாய், ஒரு தெருவிளக்கு, ஒரு கழிவுநீர்க் கான் ஆகியவை இருந்தன. இருந்தன என்றுதான் சொல்கிறேன். வேலை செய்தன என்று சொல்லவில்லை.

பெரட்டையா லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளும் மருமகனும் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபோது, மேட்டுத் தெருவிலிருந்த தங்கள் வீட்டுக்குக் காவலாக அவரையும் அவர் மனைவியையும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். நெடுநெடுவென்ற ஆள். கழுத்தில் மப்ளர், கையில் குடை. பதுளை வெயிலில் மப்ளர் எதற்கு என்று கேட்டால், வேலைக்குப் போகும்போது கட்டுவது வழக்கம் என்பார். வேலைதான் இல்லையே என்றால், அதற்கு மப்ளர் என்ன செய்யும் என்று கேட்பார்.

தோட்டத்துப் பக்கம் போகாத வாசகர்களுக்குப் பெரட்டு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் தொழிலாளர்கள் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார்கள். பதில் சொன்னவருக்கு அன்றைக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். முழு நாள் வேலை செய்தால் பேர். பாதி செய்தால் அரைப் பேர். பிந்தி வந்தால் லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் ஆளுடைய தோட்டத்தில் அவர் தொண்டை பெரிது என்பதால் பெயர் கூப்பிடும் வேலையை அவரிடமே விட்டிருந்தார்களாம். வாழ்நாள் முழுக்க அதைச் செய்த மனிதர், மேட்டுத் தெருவில் முதல் நாள் விடியற்காலை கண்விழித்தார். எழுந்து வெளியே வந்து கல்படியின் உச்சியில் நின்றார். கூப்பிட ஒரு ஆள் இல்லை. அதனால் அங்கே என்ன இருந்ததோ அதைக் கூப்பிட்டார்.

“மேல் முனை லைட்டு.”

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். வெளியே அமைதி. விளக்கு பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் கொடுத்தார்.

“வரல.”

பிறகு குழாயைக் கூப்பிட்டார். போய்த் திருகிப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக வந்திருக்கும் போல. அரைப் பேர் என்று அறிவித்தார். கானைக் கூப்பிட்டு, ஆள் வந்திருக்கிறது, வேலை செய்யவில்லை என்றார். குப்பை அள்ளும் டிரெக்டர் வண்டியைக் கூப்பிட்டார். அது வராமல் அப்போது ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் வெளியே போய், என்னால் முடிந்த அளவு மரியாதையாக, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

“லைட்டுக்கு ஞாயித்துக்கிழமை உண்டுங்களா டீச்சரம்மா?” என்று கேட்டார்.

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த நாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். பத்துப் பதினைந்து நாளில் தெருவே அவரைப் பெரட்டையா என்று கூப்பிடத் தொடங்கியது. சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற மனநிலையில் யாரும் இல்லை. எல்லோருக்கும் தூக்கம் கெட்டிருந்தது.

அவர் மனைவி அதற்கு நேர் எதிர். அவர் பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. தெருவில் எல்லோருக்கும் அவர் அக்காதான். தோட்டத்தில் புருஷனுடைய கேங்கிலேயே கொழுந்து எடுத்தவர். ஆடு ஏறப் பயப்படும் சரிவில் கூடையோடு ஏறி இறங்கி ஒரு நாள் கூட விழாதவர், மேட்டுத் தெருவுக்கு வந்த வருடமே மழையில் கல்படியில் வழுக்கி விழுந்தார். கருவாடு வாங்க நானா கடைக்கு இறங்கியபோது நடந்தது. முழங்கால் போய்விட்டது. அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து நாலு ஆண்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்கினார்கள். திரும்ப அதே கதிரையில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பிரதான வீதியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினாராம்.

கதிரையை வாசலில் இறக்கியதும் அக்கா சொன்னார்.

“உசுரோட இருக்கையில ஒரு தடவ தூக்கிட்டீங்க. இனிமே தூக்குறதா இருந்தா செத்த பொறகுதான்.”

சொன்னபடியே இருந்துவிட்டார். கால் ஓரளவு தேறியது, வீட்டுக்குள் நடந்தார், கிணற்றடிக்குப் போனார். படியில் மட்டும் கால் வைக்கவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருந்தால் இறங்குவேன் என்றார். அதில் பிசகவே இல்லை. அக்காவுக்குச் சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், இருந்தது. பெரட்டையா கிளினிக்குக்குப் போய் அக்காவுக்குப் பதிலாக வரிசையில் நிற்பார். நோயாளியைக் கண்ணால் பார்க்காமல் எத்தனை நாளைக்கு மருந்து கொடுப்பது, ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் சத்தம் போடுவார். பெரட்டையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வருவார். அக்காவின் பாதத்தில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசமாட்டார். ஆனால் அக்கா படியிறங்க மறுத்த வாரத்திலிருந்து பெரட்டில் ஒரு புதிய பெயர் சேர்ந்தது.

“கைப்பிடிக் கம்பி.”

அமைதி.

“வரல.”

இல்லாத கம்பிக்கு எப்படிப் பேர் கூப்பிடுகிறீர்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். வரவேண்டிய ஆள்தானே, கூப்பிடாவிட்டால் எப்படித் தெரிந்துகொண்டு வரும் என்றார். வீட்டுக்கு வந்து கதவை அடித்துச் சாத்தினேன்.

கம்பி இல்லாததில் அக்காவுக்கு வந்த பெரிய துன்பம் என்னவென்றால், கருவாடு. புருஷன் வாங்கி வரும் கருவாட்டைத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. பெரட்டையாவுக்குக் கொழுந்து பார்க்கத் தெரியும், ஆள் பார்க்கத் தெரியும், கருவாடு பார்க்கத் தெரியாது. நானா எதைக் கொடுத்தாலும் வாங்கி வந்துவிடுவார். நான் போனால் அக்கா அந்தப் பார்சலைப் பிரித்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். நானும் மோந்து பார்ப்பேன். சில துக்கங்களுக்கு ஆறுதல் கிடையாது.

இனி குப்பை டிரெக்டர் விஷயத்துக்கு வருகிறேன். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

டிரெக்டர் படியின் அடிவாரத்தில் வந்து நிற்கும். நாங்கள் குப்பைப் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஆனால் என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும் என்பது டிரைவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ஒரு தடவை இரண்டு வாரம் வராமல் இருந்து, ஒரு நாள் பகல் சோற்று நேரத்தில் வந்து நின்றது. ஹோர்ன் சத்தம் கேட்டதும் தெருவே பைகளோடு பாய்ந்தது. எங்களுக்கு முன்னால் பெரட்டையா கீழே நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, டிரெக்டரை முன்சில்லிலிருந்து பின்சில்லு வரைக்கும் பார்த்தார். பிறகு டிரைவரிடம் சிங்களத்தில், மிகவும் தன்மையாக, நீ பிந்திவிட்டாய், இன்றைக்கு உனக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போ என்றார்.

டிரைவர் ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தார். இப்படி ஒரு உத்தரவு அவருக்கு அதுவரை எந்தத் தெருவிலும் கிடைத்ததில்லை. நன்றி சொல்லிவிட்டு டிரெக்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் பாதிப் படியில் நின்றோம். என் கையில் இரண்டு பை. ஒன்றில் பலாக்காய்ச் சக்கை. அந்த நேரத்தில் நான் பெரட்டையாவைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை ஒரு வாரப் பத்திரிகையில் எழுத முடியாது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் அங்கே நின்றார்கள். அவர்கள் அதைவிட மோசமாகச் சொன்னார்கள். பெரட்டையா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிந்தி வந்தவனுக்கு ஒரு நாள் பேர் போட்டால் அப்புறம் என்றைக்கும் பிந்தித்தான் வருவான் என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு படியேறினார்.

அடுத்த வாரம் முழுக்கத் தெரு நாறியது. அதற்கடுத்த வாரம் ஒரு நாள் விடியற்காலையில், பெரட்டு நடந்துகொண்டிருக்கும்போதே, கீழே ஹோர்ன் கேட்டது. மாநகர சபைக் கந்தோரில் யாரோ, டிரெக்டர் ஏன் குப்பையில்லாமல் திரும்பி வந்தது என்று டிரைவரைக் கேட்டிருக்கிறார்கள். பிந்திப் போனதால் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த டிரெக்டர் நேரத்துக்கு வந்தது. பெரட்டையா அதற்கு முழுப் பேர் போட்டார். நாங்கள் யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நாற்றத்தை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியுமா?

பிறகு ஒரு தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் வாக்குக் கேட்டுப் படியேறினார். பாதியில் மூச்சு வாங்கியதால் அங்கேயே நின்று பேசினார். தெருவிளக்கும் கைப்பிடியும் என் பொறுப்பு என்றார். அடுத்த நாள் விடியற்காலை பெரட்டில் அவரும் இருந்தார்.

“லைட்டும் கம்பியும் தர்றேன்னு சொன்னவரு.”

அமைதி.

“வரல.”

தேர்தல் முடிந்தது. அவர் வென்றார். பெரட்டில் மட்டும் வரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் இதை வீடியோ எடுத்துத் தெரு வட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. கடைசியில் வென்றவருடைய ஆட்கள் இரண்டு பேர் வந்து, அவரைக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லி நயமாகக் கேட்டார்கள். பேர் பதிந்த ஆளைக் கூப்பிடாமல் விட முடியாது, வேண்டுமானால் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லுங்கள், பேரை வெட்டிவிடுகிறேன் என்று பெரட்டையாவும் நயமாகப் பதில் சொன்னார்.

அந்த மாதமே விளக்கு வந்தது. புதிய விளக்கு, நல்ல வெளிச்சம். அதை அணைக்கும் ஏற்பாட்டை மட்டும் செய்ய மறந்துவிட்டார்கள். இரவிலும் எரிந்தது, பகலிலும் எரிந்தது. லைட்டு வந்திருக்கிறது, வீட்டுக்குத்தான் போக மாட்டேனென்கிறது என்று பெரட்டையா மனம் நிறைந்து அறிவித்தார். அந்த வெளிச்சம் முழுவதும் என் படுக்கையறையில் விழுந்தது. விடியற்காலையில் அவர் என் தூக்கத்தைக் கெடுத்தார், மீதி இரவை அவர் கொண்டுவந்த விளக்கு கெடுத்தது. நான் கறுப்புத் திரைச்சீலை தைத்துப் போட்டேன்.

கைப்பிடிக் கம்பி அடுத்த கட்டத்தில் வரும் என்று சொல்லியனுப்பினார்கள். அடுத்த கட்டம் எந்தக் கட்டத்துக்கு அடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்காவின் பாதத்துப் புண் பெரிதாகிக்கொண்டு வந்தது.

ஒரு நாள் பாடசாலை விட்டு வந்து அக்காவின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவர் பாதத்துக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். உங்கள் பெயர் என்ன அக்கா என்று எதேச்சையாகக் கேட்டேன். சிரித்தார்.

“அத ஏன் கேக்குறீங்க. வீட்டுல இந்தாம்மான்னு கூப்பிடுவாரு. கோவம் வந்தா இந்தாம்மான்னு கத்துவாரு. பெரட்டுல மட்டுந்தான் பேரச் சொல்லுவாரு. விடிஞ்சா ஒரு தடவ. பென்சன் எடுத்த பொறகு அதுவும் இல்ல. என் பேரு எனக்கே மறந்துரும் போல.”

பெயரைச் சொல்லாமலே உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த நாள் காலையில் நானே எழுந்து போய்ப் பெரட்டையாவை மறித்தேன். லைட்டைக் கூப்பிடுகிறீர்கள், கானைக் கூப்பிடுகிறீர்கள், ஊரில் இல்லாத அரசியல்வாதியைக் கூப்பிடுகிறீர்கள், உங்கள் மகளைப் பெற்ற மனுஷியை ஒரு தடவை கூப்பிட்டால் வாய் வலிக்குமா என்று கேட்டேன்.

அவர் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“பேரக் கூப்பிட்டா வேலைக்குப் படியெறங்கணும். அது எறங்கலன்னா, நா வரலன்னு சொல்லணும் டீச்சரம்மா. அது பேருக்கு என் வாயால ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல.”

அன்றைக்குப் பாடசாலைக்குப் போய் ஒரு கணக்கைக் கரும்பலகையில் பிழையாகப் போட்டுப் பிள்ளைகளிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

அந்த வாரமே அவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். கந்தோருக்குப் போய் நேரில் கேட்போம், நீங்கள் நல்ல சிங்களம் பேசுவீர்கள் என்றார். போனோம். இந்த அறைக்குப் போங்கள் என்றார்கள், அந்த அறையில் வேறு அறைக்கு அனுப்பினார்கள். வீதி வேலைகளைப் பார்க்கும் ஓவசியர்தான் இதற்குப் பொறுப்பு என்றார்கள். ஓவசியர் ஐம்பது வயதுக்காரர், கஞ்சி போட்ட சேர்ட், சிங்களம் தவிர வேறு பேசி யாரும் கேட்டதில்லை. அடுத்த கிழமை வாருங்கள் என்றார். அடுத்த கிழமையும் அதையே சொன்னார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் மேசைக்கு முன்னால் எல்லாத் தெருவும் வரிசையில் நின்றது.

கடைசியாகப் போன அன்றைக்கு ஆசனங்கள் எல்லாம் காலி. தேநீர் நேரம். பெரிய ஆட்கள், சின்ன ஆட்கள் எல்லோரும் முற்றத்தில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரட்டையா முற்றத்தின் நடுவே போய் நின்றார். கையைப் பின்னால் கட்டினார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் அவரைத் தடுக்க ஓடினேன், அதற்குள் தொடங்கிவிட்டார்.

வாசல் பியோனைக் கூப்பிட்டார். பியோன் பின்னால் திரும்பிப் பார்த்தார். வரல என்றார். கவுண்டர் ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பெண் வாயில் பிஸ்கட்டோடு நின்றாள். வரல என்றார்.

“ஓவசியர்.”

“வந்திருக்கேங்க!”

முற்றம் முழுக்கத் திரும்பியது. பதில் வந்தது ஓவசியரிடமிருந்துதான். நல்ல தோட்டத்துத் தமிழ். அவரும் யார் பேசியது என்று தேடுவதுபோலத் தன் தேநீர்க் கிளாஸைப் பார்த்தார். பெரட்டையா மட்டும் ஆச்சரியப்படவில்லை.

“எந்தத் தோட்டம்?”

“தெமோதரைப் பக்கம்ங்க,” என்றார் ஓவசியர், குரலைத் தாழ்த்தி. “அம்மா கொழுந்து எடுத்தவங்க. பிள்ளைகளப் பாத்துக்கிற பிள்ளைக் காம்பராவுல விடுறதுக்கு முந்தி என்னயும் பெரட்டுக்குத் தூக்கிட்டுப் போவாங்க. அவங்களுக்குத் தொண்ட கட்டியிருந்தா நாந்தான் பதில் சொல்லுவேன்.”

பெரட்டையா தலையாட்டினார்.

“சரி. ஒனக்குக் கல்படி மலை. கம்பி போடுற வேல. பொழுதோட வந்துரணும்.”

“சரிங்க.”

அவ்வளவுதான் நடந்தது. என் சிங்களத்துக்கு வேலையே வரவில்லை. பெரட்டில் பதில் சொல்லிவிட்டு மலைக்குப் போகாமல் இருந்த ஆள் தோட்டத்து வரலாற்றிலேயே கிடையாது. ஓவசியர் பிறகு ஒரு நாள் என்னிடம் தலையைச் சொறிந்துகொண்டு, சொல்லிவிட்டேனே டீச்சர், இனி என்ன செய்வது என்றார்.

அந்த மாதத்துக்குள் ஆட்கள் வந்தார்கள். உச்சியிலிருந்து கம்பி போட்டுக்கொண்டே இறங்கினார்கள். பாதிப் படியில் பைப் முடிந்துவிட்டது. மீதி சாமான் வந்ததும் வருகிறோம் என்று போனார்கள். அடுத்த நாள் விடியற்காலையில் பெரட்டையா கைப்பிடிக் கம்பிக்கு அரைப் பேர் போட்டார்.

ஆனால் அன்றைக்கு அக்கா வெளியே வந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதிப் படி வரைக்கும் இறங்கினார். கம்பி முடிந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு தினமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவரோடு பேசிவிட்டுத்தான் ஏற முடிந்தது, இறங்க முடிந்தது. வேறு வழியில்லை, படி அவ்வளவு அகலம்தான். நானாவுக்கு மனசு கேட்கவில்லை. கருவாட்டுப் பெட்டியையே தூக்கிக்கொண்டு பாதிப் படிக்கு ஏறி வந்தார். அக்கா அதைத் தொட மறுத்துவிட்டார். கடைக்கு வந்து, கடையில் வைத்து மோந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். நானா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப இறங்கினார். அவருக்கும் முழங்கால் வலி உண்டு.

அரைப் பேர் விஷயம் வழக்கம்போல வீடியோவாகப் போனது. இந்தத் தடவை அது தெமோதரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஓவசியரின் அம்மா இருந்தார். பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் காட்டியிருக்கிறார்கள். அந்த அம்மா வேலை செய்த காலம் முழுக்க ஒரு நாள் கூட அரைப் பேர் வாங்காதவராம். மகனுக்குப் போன் போட்டு, நீ போட்ட கம்பிக்கு அரைப் பேராமேடா, ஊரே பார்க்கிறதேடா என்று அழுதிருக்கிறார். இரண்டே நாளில் ஓவசியர் பைப்போடு வந்தார். தானும் சேர்ட் கையை மடித்துவிட்டுக் கம்பி பிடித்தார். வேலை அடிவாரம் வரைக்கும் முடியும்வரை நகரவே இல்லை.

அடுத்த நாள் விடியற்காலை நான் வழக்கமான நேரத்துக்குக் கண்விழித்தேன். சத்தம் இல்லை. என்னவோ ஏதோ என்று பயந்து வெளியே ஓடினேன். பெரட்டையா அன்றைக்கு உச்சியில் நிற்கவில்லை. கீழே, நானா கடைக்கு முன்னால், படியின் கடைசிக் கல்லுக்கு எதிரே நின்றார். மப்ளரைத் துவைத்துக் கட்டியிருந்தார். அங்கிருந்து தொடங்கினார்.

லைட்டு வந்திருந்தது. குழாய்க்கு அப்போதும் அரைப் பேர்தான். கான் வேலை செய்யவில்லை. டிரெக்டருக்கு அன்றைக்கு முறை இல்லை. கைப்பிடிக் கம்பிக்கு, தெருவே கேட்க, முழுப் பேர் போட்டார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் போகவில்லை. அக்கா உச்சியில் நின்றார். கோயிலுக்குக் கட்டும் சேலை, பாதத்தில் புதுத்துணி, ஒரு கை கம்பியில். பெரட்டையா அவரைப் பார்க்கவில்லை. மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு, லுணுகலை மலைகளுக்குக் கேட்கும்படி கூப்பிட்டார்.

“அழகம்மா.”

அக்கா இறங்கத் தொடங்கினார். ஒரு கல், ஒரு மூச்சு, அடுத்த கல். பாதியில், கம்பி முன்பு முடிந்திருந்த இடத்தில், கொஞ்சம் நின்றார். உதவிக்குப் போக நான் அசைந்தேன். நானா கீழேயிருந்து கையைக் காட்டி வேண்டாம் என்றார். பெரட்டையா கையைப் பின்னால் கட்டியபடி காத்துக்கொண்டே இருந்தார். எந்த ஆளுக்கும் எந்த விளக்குக்கும் அவர் அவ்வளவு நேரம் கொடுத்ததை நான் பார்த்ததில்லை.

அக்கா கடைசிக் கல்லில் கால் வைத்து, கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“வந்திருக்கேங்க. கொஞ்சம் பிந்திருச்சு.”

டிரெக்டரைத் திருப்பி அனுப்பிய மனிதர் மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“பரவால்ல,” என்றார் கடைசியில்.

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். தூக்கம் கெட்டதால் என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள். அக்கா நானா கடைக்குள் போய், கருவாட்டுப் பெட்டியை முழுவதும் கிளறி, அத்தனையையும் மோந்து பார்த்து, ஒன்றும் சரியில்லை என்று வெறுங்கையோடு வெளியே வந்தார். பிறகு இருவரும் கிளினிக்குக்கு நடந்தார்கள். புண்ணை நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றாராம் டொக்டர், சத்தம் போடாமல்.

இப்போது எனக்குப் பண்டாரவளைக்கு மாற்றல். அமைதியான இடம், நல்ல குளிர், ஜன்னலுக்கு எதிரே கம்பம் கிடையாது. விடியற்காலையில் நானாகவே கண்விழித்து, ஒருவரும் கூப்பிடாத அந்த அமைதியில் கொஞ்ச நேரம் படுத்திருக்கிறேன். போன கிழமை நானா போன் போட்டார். குழாய்க்கு முழுப் பேர் வந்துவிட்டதாம், கான் இன்னும் இல்லையாம். அக்காவுக்கு அடுத்ததாக என்னையும் தினமும் கூப்பிடுகிறாராம் பெரட்டையா. டீச்சரம்மா என்று கூப்பிட்டுவிட்டு, நான் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் காத்திருப்பாராம். அதற்குப் பிறகும் வரல என்று மட்டும் சொல்வதில்லையாம். பண்டாரவளைக்குப் போயிருக்கு, வரும் என்கிறாராம்.